கோப்பு எங்கே இருக்கிறது?

“டேட்டா ஏதாவது இருக்கா?”

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் விண்டோஸை மறுபடி போடுவதற்கு முன்னால் இதைக் கேட்பார்கள். “முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்கு, சி-யை ஃபார்மேட் போட்டுடுங்க” என்பது வழக்கமான பதில். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்று அறிய வேண்டுமானால், கோப்பு என்பது டிஸ்க்கில் எந்த வடிவில் இருக்கிறது, இயங்குதளத்தை மாற்றும்போது அதில் எது அழிகிறது, எது பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறும் வேலை இன்னும் பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் பாக்கியிருக்கிறது. ஆகவே இது தள்ளிப்போடக்கூடிய பாடம் அல்ல.

கோப்பு என்று ஒரே பெயரில் நாம் அழைத்தாலும் அதற்குள் மூன்று அங்கங்கள் இருக்கின்றன. முதலாவது, டிஸ்க்கில் எழுதப்பட்ட பைட்டுகள். இரண்டாவது, அந்தப் பைட்டுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பதிவு. மூன்றாவது, அவற்றைப் படிக்கத் தேவையான துணை: மென்பொருள், எழுத்துரு, சில சமயம் ஒரு சாவி. இயங்குதளத்தை மறுபடி நிறுவும்போது இந்த மூன்றில் எது போனாலும் நம்மைப் பொறுத்தவரை கோப்பு போய்விட்டது. ஒவ்வொன்றும் போகும் விதம் வேறு. காப்பாற்றும் விதமும் வேறு.

நிலமும் பட்டாவும்

ஒரு புகைப்படத்தைச் சேமிக்கும்போது டிஸ்க்கில் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. படத்தின் பைட்டுகள் காலியாக உள்ள கட்டங்களைத் தேடிப் போய் அமர்கின்றன. பெரிய கோப்பென்றால் அவை பல இடங்களில் சிதறியும் இருக்கலாம். கோப்பின் பெயர், அளவு, தேதி, எந்தெந்தக் கட்டங்கள் அதற்குச் சொந்தம் என்ற விவரமெல்லாம் தனியே ஒரு பதிவேட்டில் ஏறுகின்றன. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்து இன்றும் புழக்கத்தில் இருக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் இந்தப் பதிவேட்டுக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். ஒவ்வொரு கோப்புக்கும் அதில் பொதுவாக 1024 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. சில நூறு பைட்டே உள்ள குறிப்பென்றால் அதன் உள்ளடக்கமும் அந்தப் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும்.

நிலத்தையும் பட்டாவையும் நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பட்டா தொலைந்ததும் நிலம் மறைந்துவிடுவதில்லை. ஆனால் இன்னாருக்குச் சொந்தம் என்று காட்ட ஆதாரம் இல்லாத நிலத்தில் வேறொருவர் வந்து வீடு கட்டிவிடலாம்.

பழைய ஃபேட் முறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே ஒரு கோப்பை அழித்தால், பதிவேட்டில் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்ற எண் எழுதப்படும். அதன் கட்டங்கள் காலி என்று குறிக்கப்படும். படத்தையோ கடிதத்தையோ யாரும் தொடுவதில்லை. 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5-இல் அழித்த கோப்பை மீட்க ‘அன்டெலீட்’ என்றொரு கட்டளை இருந்தது. மீட்பதற்கு முன் அது பயனரிடம் கோப்புப் பெயரின் முதல் எழுத்தைக் கேட்கும். அந்த ஓர் எழுத்துதான் மேலெழுதப்பட்டிருந்தது. மீதிப் பெயர் அப்படியே இருந்தது.

குயிக் ஃபார்மேட் என்பது பழைய பதிவேட்டை ஒதுக்கிவிட்டுப் புதிய, வெறுமையான பதிவேட்டைத் திறப்பது. அதனால்தான் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. முழு ஃபார்மேட் வேறு வகை. விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை அது டிஸ்க் முழுவதையும் படித்து, பழுதான பகுதிகளைத் தேடியது. பழைய பைட்டுகள் மிஞ்சின. விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் டிரைவ் முழுக்கச் சுழியங்களை எழுதுகிறது. ‘குயிக்’ என்ற சின்னக் கட்டத்தில் டிக் இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வேறுபாடு.

குயிக் ஃபார்மேட்டுக்குப் பின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டெடுக்கிறார்களே, எப்படி? ஜேபெக் படங்கள் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளுடன் தொடங்கும். மீட்பு மென்பொருள் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், இந்த வரிசையைக் கண்ட இடத்தில் ஒரு படம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறது. பெயர்களும் ஃபோல்டர்களும் திரும்பி வருவதில்லை. சிதறிக் கிடந்த பெரிய கோப்புகள் பாதிதான் கிடைக்கும். ஃபார்மேட் செய்த இடத்தில் புது விண்டோஸையும் நிறுவிவிட்டால் பத்து ஜிபிக்கு மேல் புதிய பைட்டுகள் வந்து இறங்கியிருக்கும். அவை எந்தக் கோப்பின் மேல் உட்கார்ந்தன என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எஸ்எஸ்டி-யில் இந்த அளவு நம்பிக்கைகூட இல்லை. அதன் நினைவகச் சில்லில் பழையதன் மேல் நேரடியாகப் புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியைத் துடைத்தாக வேண்டும். எழுதும் நேரத்தில் துடைத்துக்கொண்டிருந்தால் வேகம் குறையும் என்பதால், எந்தக் கட்டங்கள் இனி தேவையில்லை என்று இயங்குதளம் எஸ்எஸ்டி-க்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறது. டிரிம் என்ற இந்தக் கட்டளையை 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் விண்டோஸ் அனுப்பிவருகிறது. ஃபார்மேட் செய்தால் டிரைவ் முழுவதற்கும் டிரிம் போகிறது. அதன்பின் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் சுழியங்களே வரும். பழைய ஹார்ட் டிஸ்க் காலத்து “அப்புறம் ரெக்கவரி பண்ணிக்கலாம்” என்ற தைரியத்தை எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியின் மேல் வைப்பது ஆபத்து.

சி, டி என்ற கோடு

1983-இல் ஐபிஎம் நிறுவனம் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் பிசி எக்ஸ்டி கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0-இல்தான் ஒரு டிஸ்க்கைப் பல பிரிவுகளாக வகுக்கும் அட்டவணை அறிமுகமானது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள், 64 பைட் இடத்தில் அந்த அட்டவணை முழுவதும் அடங்கிவிட்டது: ஒரு பிரிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பிரிவுகள். இன்றைய கணினிகளில் இருக்கும் ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு. அட்டவணையின் இன்னொரு படியை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கும். எந்த முறையானாலும் சி, டி என்பவை ஒரே டிஸ்க்கின் மேல் போட்ட கோடுகளே.

சி-யை மட்டும் ஃபார்மேட் செய்தால் டி பிழைக்கும். அதுவரை அந்தக் கடைப் பதில் சரி. பிசகு நேரும் இடங்கள் வேறு.

விண்டோஸ் நிறுவல் திரையில் சி, டி என்ற எழுத்துகளை எதிர்பார்க்காதீர்கள். ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 1’, ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 3’ என்று ஒரு பட்டியல்தான் வரும். பக்கத்தில் மொத்த அளவும் காலி இடமும் இருக்கும். நூறு எம்பி அளவில் பூட் செய்வதற்கான ஒரு சிறு பிரிவு, மீட்புக்கென ஒரு பிரிவு என்று நாம் அறியாத பெயர்களும் நடுவில் நிற்கும். சி-யும் டி-யும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் எது எது என்று பார்த்தவுடன் புரியாது. நிறுவலைத் தொடங்குவதற்கு முன்பே டி டிரைவுக்கு ‘வீட்டுப்படங்கள்’ என்பது போல ஒரு பெயர் வைத்து, இரண்டின் அளவையும் காலி இடத்தையும் தாளில் எழுதிக்கொள்வது பெரிய விபத்தைத் தடுக்கும். ‘ரீசெட் திஸ் பிசி’ வழியாகப் போனாலும் கவனம் தேவை. ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்றால் சொந்தக் கோப்புகள் தங்கும். நாம் நிறுவிய மென்பொருள்கள் போகும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தேர்ந்தால், விண்டோஸ் உள்ள டிரைவை மட்டும் அழிக்கவா, எல்லா டிரைவ்களையும் அழிக்கவா என்ற தேர்வும் அதற்குள் உண்டு. அங்கே ஒரு கிளிக் தவறினால் டி-யும் போய்விடும்.

அடுத்து, சி-யில் ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கை. டெஸ்க்டாப்பில் வைத்தது சி-யில்தான் இருக்கிறது. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவையும் நாம் மாற்றிவைக்காத வரையில் சி-யில்தான். ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரில் பிரவுசரின் புக்மார்க்குகளும், ஸ்டிக்கி நோட்ஸில் குறித்த தொலைபேசி எண்களும், தண்டர்பேர்டு மின்னஞ்சல் முழுவதும் இருக்கும். கடையின் கணக்கு டேலியில் என்றால் அதன் டேட்டா ஃபோல்டர் எந்த டிரைவில் இருக்கிறது என்று மென்பொருளைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பல கணினிகளில் அதுவும் சி-தான்.

இயங்குதளம் ஒரு பக்கம், பயனரின் உடைமை மறுபக்கம் என்று பிரித்துவைப்பது நல்ல பொறியியல். யூனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்களில் ஹோம் ஃபோல்டரைத் தனிப் பிரிவில் வைத்து, மற்றதை மட்டும் புதிதாக நிறுவ முடியும். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, இயங்குதளத்தை மாற்றி எழுத முடியாத தனிப் பிரிவில் வைத்து, பயனரின் கோப்புகளை வேறு பிரிவுக்கு நகர்த்தியது. ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் இதே ஏற்பாடுதான். விண்டோஸில் அந்தக் கோட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பின்னும் அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

2018 அக்டோபர்

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் 1809 என்ற புதிய பதிப்பு வெளியானது. நிறுவிய சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தவை மாயமாயின. அக்டோபர் 6 அன்று மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்பை வழங்குவதை நிறுத்தியது. காரணத்தையும் பின்னர் விளக்கமாக வெளியிட்டது.

விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களைச் சி-யிலிருந்து டி-க்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி மாற்றும்போது பழைய கோப்புகளையும் நகர்த்தச் சொல்லாவிட்டால் சி-யில் பழைய ஃபோல்டர் தன் கோப்புகளோடு அப்படியே நிற்கும். இதற்கு முந்தைய பதிப்பை நிறுவியவர்களில் சிலர், ஒரே பெயரில் காலி ஃபோல்டர்கள் தோன்றுகின்றன என்று புகார் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேவையற்ற இரட்டைகளை அகற்றும் நிரலை 1809-இல் சேர்த்தார்கள். அது வெறும் ஃபோல்டர்களோடு நிற்காமல், கோப்புகள் இருந்த பழைய ஃபோல்டர்களையும் சேர்த்து அழித்துவிட்டது.

பாதிக்கப்பட்டவர்களில், பாதுகாப்புக்காக டி-க்கு மாறலாம் என்று நினைத்துப் பாதி வழியில் நின்றவர்களும் அடக்கம். பொதுவெளியீட்டுக்கு முன்பே சோதனையாளர்களில் சிலர் கோப்புகள் காணோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் புகார்களுக்கு வாக்குகள் குறைவாக இருந்ததால் அவை கவனத்துக்கு வரவில்லை. பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதியை மைக்ரோசாஃப்ட் அதன்பிறகு புகார்ப் படிவத்தில் சேர்த்தது. திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியானது.

நாம் எந்தத் தவறும் செய்யாமலே, இயங்குதளத்தின் பக்கம் நடக்கும் பிழையாலும் கோப்பு அழியலாம். ஒரே கணினிக்குள் எந்த மூலையில் வைத்தாலும் அது அந்த இயங்குதளத்தின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இருந்தும் படிக்க முடியாதவை

கோப்பு பத்திரம், பைட்டுகள் ஒன்றும் குறையவில்லை, ஆனாலும் திறந்தால் குப்பை. தமிழில் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவருபவர்களுக்கு இது பழக்கமான துன்பம்.

யூனிகோடில் ‘அ’ என்ற எழுத்துக்கு 2949 என்ற தனி எண் உண்டு. எந்தக் கணினிக்குப் போனாலும் அந்த எண் ‘அ’-வையே குறிக்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ‘அ’ 109 என்ற எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. அந்த 109 உண்மையில் ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்தின் எண். அந்த இடத்தில் ‘அ’ வடிவத்தை வரைந்து காட்டுவது பாமினி என்ற எழுத்துருக் கோப்பு. விண்டோஸை மறுபடி போட்டதும் சி டிரைவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த பாமினி போய்விடுகிறது. டி டிரைவில் பத்திரமாக இருந்த கல்யாணப் பத்திரிகையும் கையெழுத்துப் படியிலிருந்து தட்டச்சு செய்த நாவலும் திறந்தவுடன் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற தரங்கள் வகுக்கப்பட்டன. அவற்றுக்கு முன்னும் பின்னும் அச்சகங்களும் பத்திரிகைகளும் தனித்தனிக் குறியீட்டில் அமைந்த எழுத்துருக்களையே பயன்படுத்தின. அந்தக் கால ஆவணங்கள் உள்ள கணினியை ஃபார்மேட் போடுவதற்கு முன், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள தமிழ் எழுத்துருக்களை நகல் எடுத்தே ஆக வேண்டும். ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவைப்பதே நிரந்தரத் தீர்வு.

எழுத்துருவையாவது வேறு எங்காவது தேடிப் பிடிக்கலாம். சாவி தொலைந்தால் தேட இடமே இல்லை. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியே நுழைந்தவுடன் டிரைவ்கள் தாமாகவே குறியாக்கம் செய்யப்படுகின்றன. அன்றாடம் கணினியே பூட்டைத் திறந்துகொள்வதால் பூட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. டி டிரைவைத் திறக்கும் விவரம் சி-யில் உள்ள விண்டோஸுக்குள் இருக்கிறது. சி-யை அழித்தால் அதுவும் அழியும். அதன்பின் டி டிரைவ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை முன்பே எடுத்து எழுதிவைக்காமல், கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துபோனால், எந்தச் சர்வீஸ் கடைக்காரராலும் அந்த டிரைவைத் திறக்க முடியாது. பல பிரவுசர்களில் சேமித்த கடவுச்சொற்களும் இந்த வகைதான். அவை பழைய விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைந்த சாவியால் பூட்டப்பட்டிருப்பதால், ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் புதிய விண்டோஸில் வைத்தாலும் திறக்காது. பிரவுசர் கணக்கோடு ஒத்திசைத்தோ ஏற்றுமதி செய்தோதான் அவற்றைக் கொண்டுபோக முடியும்.

நகல் எடுத்தேன் என்பது எப்போது உண்மை?

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி எளிமையானது: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கணினியில் உள்ளது ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. விதியில் சொல்லாத ஒரு நிபந்தனையும் உண்டு: அந்தப் படி திறக்க வேண்டும்.

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர், துணைக் கணினியில் இருப்பதாக எண்ணி, முதன்மைத் தரவுத்தளத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய பேக்கப் எடுக்கப்படவே இல்லை. பேக்கப் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகவில்லை. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சேவையகத்தில் மறுக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. அன்று வேறொரு வேலைக்காக ஒருவர் எடுத்துவைத்திருந்த, ஆறு மணி நேரத்துக்கு முந்தைய படி ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. தொழில் தெரிந்தவர்கள் கூடிய இடத்திலேயே, திறந்து பார்க்காத பேக்கப் இப்படி ஏமாற்றியது.

வீட்டில் இந்த ஏமாற்றம் வேறு உருவில் வரும். ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபி-யைத் தாண்டிய ஒரே கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ அங்கேதான் தவறும். அளவைப் பொய்யாகக் காட்டும் போலி பென் டிரைவில் எல்லாம் ஏறியதுபோல் பட்டியல் தெரியும். திறந்தால்தான் வெறுமை தெரியும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகக் குறி உள்ள கோப்புகளின் பைட்டுகள் கணினியில் இல்லை, கிளவுடில் மட்டுமே உள்ளன. கிளவுடோடு ஒத்திசைந்த ஃபோல்டரில் ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும் என்பதால் ஒத்திசைவை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் உட்பட உங்கள் பயனர் ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், மின்னஞ்சல் கோப்புகள், தமிழ் எழுத்துருக்கள் ஆகியவற்றைத் தேடிச் சேருங்கள். டி டிரைவையும் விட்டுவிடாதீர்கள். மீட்பு எண்ணையும், மென்பொருள்களின் உரிம எண்களையும் தாளில் எழுதுங்கள். இரு பக்கமும் ஃபோல்டரின் பண்புகளைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு அந்த வெளி டிஸ்க்கை முறையாகக் கழற்றி, வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று, பெரிய வீடியோ ஒன்று, கணக்குக் கோப்பு ஒன்று என்று திறந்து பாருங்கள். நிறுவல் முடியும்வரை அந்த டிஸ்க் கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. நிறுவல் திரையின் பட்டியலில் அதுவும் வந்து நின்றால் தவறுதலாக அதையே அழித்துவிட வாய்ப்புண்டு.

ஃபார்மேட் செய்யாமல் நிறுவியிருந்தால், பழைய விண்டோஸும் பயனர் ஃபோல்டர்களும் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். விட்டுப்போனதை அங்கிருந்து எடுக்கலாம். பொதுவாகப் பத்து நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும் என்பதால் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஃபார்மேட் ஆனபின் ஏதோ விடுபட்டது தெரிந்தால், அந்தக் கணினியை உடனே அணைத்துவிட்டு, டிஸ்க்கை மீட்புத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதன்பின் இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பழைய பைட்டுகளின் மேல் புதியவை விழுந்துகொண்டே இருக்கும்.

விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி நிறுவிக்கொள்ளலாம். உங்கள் கோப்புகளை வழங்க வேறு யாரும் இல்லை. வேறொரு கணினியில் உங்கள் நகலைத் திறந்து உங்கள் கண்ணால் பார்க்கும்வரை, யார் அவசரப்படுத்தினாலும், ஃபார்மேட் போடச் சம்மதிக்காதீர்கள்.